ஏற்காடு அடிவார ரோட்டுக் கப்பல் சாமான் கடை: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற ரோட்டில் ஒரு பெரிய தகரக் கொட்டகை இருக்கிறது. வாசலில் ஆரஞ்சு நிற உயிர்காப்பு வளையங்கள் வரிசையாகத் தொங்கும், பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு நங்கூரத்தைச் சாய்த்து வைத்திருப்பார்கள். பெயர்ப்பலகை சின்னது, அதை யாரும் படிப்பதில்லை, கப்பல் சாமான் கடை எங்கே என்று கேட்டால் டீக்கடையில் கை காட்டிவிடுவார்கள். குஜராத்தில் அலங் கடற்கரையில் உடைக்கிற கப்பல்களிலிருந்து வரும் பித்தளை ஜன்னல், விளக்கு, மணி, மேஜை, நாற்காலி, பீங்கான் தட்டு, கயிற்று ஏணி எல்லாம் இங்கே கிடைக்கும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் மலைமேல் காட்டேஜ் நடத்துகிறவர்கள், காபி எஸ்டேட் பங்களாக்காரர்கள், சேலத்தில் புதிதாக ஹோட்டல் திறக்கிறவர்கள். நான் வாங்கியது ஒரு வட்ட ஜன்னல், இரண்டு சுவர் விளக்கு, ஒரு தேக்கு மேஜை. ஒவ்வொன்றைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனால் இந்தக் கடையை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் அந்தச் சாமான்கள் மட்டும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒவ்வொரு சாமானிலும் ஒரு சீட்டு கட்டியிருப்பார்கள். வெள்ளைச் சீட்டு என்றால் நிஜமாகவே கப்பலிலிருந்து கழற்றியது. அது சரக்குக் கப்பலா, எண்ணெய்க் கப்பலா, பயணிகள் கப்பலா, அலங்கில் எந்த மாதம் வாங்கியது என்று பேனாவால் எழுதியிருக்கும். மஞ்சள் சீட்டு என்றால் புதிதாக வார்த்தது, மொராதாபாத் பக்கம் பட்டறைகளில் செய்து வருவது. இரண்டும் ஒரே ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், விலை மூன்று நான்கு மடங்கு வித்தியாசப்படும். நான் லேத் பட்டறைக்காரன், பித்தளையையும் கன்மெட்டலையும் கையில் எடுத்தால் ஓரளவு சொல்லிவிடுவேன், ஆனால் எல்லா வாடிக்கையாளர்களும் அப்படி இல்லை. அவர்களிடமும் இந்த ஆள் உண்மையைச் சொல்கிறார். ஒரு நாள் நான் இருக்கும்போதே மலைமேல் ரிசார்ட் கட்டுகிற ஒருவர் வந்து, "அண்ணே, இந்த ஜன்னல் உலகப் போர்ல மூழ்கின கப்பலோடதுன்னு ஒரு போர்டு எழுதித் தர முடியுமா, கெஸ்ட் கேட்டா சொல்றதுக்கு நல்லா இருக்கும்" என்று கேட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "இல்லைங்க தம்பி, இது சிமெண்ட் ஏத்திட்டுப் போன கப்பல். போர்க்கப்பல்ல செத்தவங்க இருக்காங்க, அவங்க பேரை வெச்சு நான் ஜன்னல் விக்க மாட்டேன்" என்றார். வந்தவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதே ஜன்னலை அதே விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு பதிலுக்காகவே நான் இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஏன் என்று கேட்டால், போர்க்கப்பல் இரும்பும் பித்தளையும் உலகத்தில் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்று பல வருடமாகத் தேடித் தேடிப் படித்தவன் நான். அது முழுக்க மானமான கதை இல்லை.

முதலில் மலேயா. சேலம் ஜில்லாவிலிருந்து ரப்பர் தோட்ட வேலைக்கு மலேயா போன குடும்பங்கள் ஏராளம், அதனால் இது நமக்குத் தூரத்து விஷயமே இல்லை. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலுக்கு அப்பால் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் சில மணி நேரத்தில் மூழ்கடித்தன. பாதுகாப்புக்கு மேலே ஒரு விமானம்கூட இல்லை. ஓடிக்கொண்டு, திருப்பிச் சுட்டுக்கொண்டு இருக்கும் பெரிய போர்க்கப்பலை வேறு கப்பல் உதவி இல்லாமல் விமானங்களே மூழ்கடித்துவிட முடியும் என்று உலகம் அன்றைக்குத்தான் பார்த்தது. இரண்டிலும் சேர்த்து 840 பேர் இறந்தார்கள், தளபதி டாம் பிலிப்ஸும் அதில் ஒருவர். அதற்கப்புறம் இரண்டே மாதத்தில், 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. தோட்டத்தில் இருந்த நம் ஆட்களைச் சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோனதெல்லாம் அதன் தொடர்ச்சி.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் இன்றைக்கும் ஏறக்குறைய 68 மீட்டர் ஆழத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, அடிப்பக்கம் மேலே பார்த்தபடி. இதில்தான் சிக்கல். கவிழ்ந்து கிடப்பதால் திருடனுக்கு முதலில் கிடைப்பது புரொப்பெல்லர். அந்தக் காலத்துப் புரொப்பெல்லர் என்றால் மாங்கனீஸ் வெண்கலம், டன் கணக்கில் எடை, பழைய இரும்புக்குக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு விலை. 2014 வாக்கிலேயே முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு அவை காணாமல் போனதைச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் கிரேன் வைத்த பெரிய படகுகளில் வந்து, கொக்கி போட்டு, கப்பலின் உடம்பையே பிய்த்து எடுக்க ஆரம்பித்தார்கள். 2023 மே மாதம் மலேசியக் கடலோரக் காவல் அமைப்பு ஒரு சீனக் கப்பலைப் பிடித்தபோது அதில் துருப்பிடித்த போர்க்கால வெடிகுண்டுகளும் இரும்பும் இருந்தன. பிரிட்டன் 2001-லேயே இந்த இரண்டு கப்பல்களையும் தன் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்திருக்கிறது, ஆனால் அந்தச் சட்டம் பிரிட்டிஷ்காரனைத்தான் கட்டுப்படுத்தும், குவாந்தான் கடலில் கிரேன் ஓட்டுகிறவனை அது என்ன செய்யும்? இறந்தவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜாவா கடல் இன்னும் மோசம். 1942 பிப்ரவரி 27-ல் அங்கே நடந்த சண்டையில் நெதர்லாந்தின் டி ரைட்டர், ஜாவா என்ற இரண்டு க்ரூஸர் ரகப் போர்க்கப்பல்கள் மூழ்கின. எழுபத்தைந்தாவது ஆண்டு நினைவுக்காக 2016-ல் ஆட்கள் போய்ப் பார்த்தால் இரண்டும் இல்லை. ஒரு பகுதி குறைந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், கடல் தரையில் கப்பலின் வடிவத்துக்குப் பள்ளம் மட்டும் இருந்தது. பிரிட்டனின் எக்ஸிட்டர் என்ற கப்பலும் பெரும்பாலும் போய்விட்டது. ஆயிரக்கணக்கான டன் இரும்பு எப்படியோ ஒரு உருக்காலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, எங்கே என்று வாங்கினவன் கேட்டிருக்க மாட்டான். பழைய இரும்பு வாங்குகிற இடத்தில் யாரும் கேட்பதில்லை, நம் செவ்வாய்ப்பேட்டையிலும் கேட்பதில்லை, அதனால்தான் சீட்டு எழுதி வைக்கிற ஒரு கடையைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆழம்தான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் 4,700 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, 1989-ல் கண்டுபிடித்தார்கள், அதை யாரும் தொட முடியாது. பிஸ்மார்க் மூழ்குவதற்கு மூன்று நாள் முன்னால், 1941 மே 24-ல் அது மூழ்கடித்த பிரிட்டனின் ஹூட் ஏறக்குறைய 2,800 மீட்டரில் இருக்கிறது. அதில் இருந்த 1,418 பேரில் மூன்றே பேர் பிழைத்தார்கள். அந்தக் கப்பலின் மணியை மட்டும் 2015-ல் மேலே கொண்டுவந்து போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள், அரசு அனுமதியோடு, உறவுக்காரர்களிடம் சொல்லிவிட்டு. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மணியையும் 2002-ல் முறையாக எடுத்துவிட்டார்கள், அப்போதே எடுத்தது நல்லதாகப் போயிற்று. ஜப்பானின் முசாஷி போர்க்கப்பல் பிலிப்பைன்ஸின் சிபுயான் கடலில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், 2015-ல் கண்டுபிடித்தது, அதுவும் பத்திரம். ஆழமில்லாத இடத்தில் மூழ்கியவர்களுக்குத்தான் கல்லறைகூட நிரந்தரம் இல்லாமல் போய்விட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மூழ்கிய கப்பலிலிருந்து இரும்பு எடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1919 ஜூன் 21-ல் ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவில் முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மன்காரர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள், 52 கப்பல்கள் அடியில் போயின. எர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி 1924-லிருந்து அவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கினார், பெரிய கப்பல்களை உள்ளே காற்று அடித்து மிதக்க வைத்து. கப்பலைத் தூக்குவதில் அவருக்கு முன் அனுபவமே கிடையாது. அவர் செய்தது வெளிப்படையாக, பிரிட்டிஷ் கடற்படையிடம் விலை கொடுத்து வாங்கி. ஜப்பானின் முட்சு என்ற போர்க்கப்பல் 1943 ஜூன் 8-ல் நங்கூரம் போட்டு நின்ற இடத்திலேயே வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை 1970-களில் ஜப்பானியர்களே பெரும்பகுதி வெளியே எடுத்தார்கள், அந்தக் கப்பலுடைய ஒரு பீரங்கிக் கூண்டு எடாஜிமாவில் பழைய கடற்படைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. முட்சு இரும்புக்கு ஒரு தனி உபயோகமும் இருந்தது. 1945-க்கு அப்புறம் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிர்வீச்சுத் துகள்கள் கலந்துவிட்டன, உருக்கு காய்ச்சும்போது ஊதுகிற காற்று வழியாக அவை இரும்பிலும் ஏறின. கதிர்வீச்சை நுணுக்கமாக அளக்கிற கருவிக்கு அந்த இரும்பு ஆகாது, அதனால் 1945-க்கு முன்னால் காய்ச்சிய கப்பல் இரும்பைத் தேடினார்கள். காற்றில் அணுகுண்டு வெடிப்பதைத் தடுக்கும் 1963 ஒப்பந்தத்துக்கு அப்புறம் அது குறைந்து இப்போது அந்தத் தேவையும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், யூடியூபில் யாராவது போர்க்கப்பல் இரும்பு என்றால் கோடிக்கணக்கில் விலை என்று சொன்னால் நம்பாதீர்கள். திருடர்கள் எடுத்ததெல்லாம் சாதாரண எடைக்கு.

சரி, கடைக்கு வருகிறேன்.

வட்ட ஜன்னல். வெள்ளைச் சீட்டு, சரக்குக் கப்பலுடையது, எனக்கு 14,500 ரூபாய் சொன்னார்கள், 13,500-க்குக் கொடுத்தார்கள். இதே அளவு மஞ்சள் சீட்டு ஜன்னல் 4,000-க்குக் கிடைக்கும். வித்தியாசம் எங்கே என்றால், தூக்கிப் பாருங்கள், நிஜமானதை ஒரு கையால் தூக்க முடியாது. கண்ணாடி கட்டைவிரல் அகலத்துக்குத் தடிமனாக இருக்கும். கீல் கம்பி போகிற ஓட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும், இதைப் புதிதாகச் செய்கிறவன் செய்ய மாட்டான். பின்பக்கம் பல அடுக்குப் பெயிண்ட் சுரண்டிய தடம் தெரியும், கப்பலில் பித்தளை மேலேயே வருடா வருடம் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு காந்தம் கொண்டுபோங்கள், பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும். நான் காந்தத்தை எடுத்ததும் கடைக்கார அக்கா, "அந்த ரேக்குல மட்டும் பாக்காதீங்க, எல்லாத்துலயும் வெச்சுப் பாருங்க" என்று தானே சொன்னார். எங்குமே தப்பாக எதுவும் இல்லை. ஒரே குறை, எல்லாவற்றையும் பஃப் போட்டுப் பளபளவென்று ஆக்கி மேலே வார்னிஷ் மாதிரி லாக்கர் பூச்சு அடித்துவிடுகிறார்கள். பழைய நிறத்தோடு வேண்டும் என்றால் பின்பக்கம் கொட்டகையில் பாலிஷ் போடாததைக் கேட்டு வாங்குங்கள், விலையும் குறையும்.

விளக்கு. கம்பிக் கூண்டு போட்ட தடித்த கண்ணாடி விளக்கு, கப்பல் சுவரில் இருப்பது, ஒன்று 2,800. இதை வாங்கி அப்படியே மாட்டிவிடாதீர்கள். சில கப்பல்களில் 110 வோல்ட், சிலவற்றில் 220, ஹோல்டர் நம் ஊர் பல்புக்குப் பொருந்தாமலும் இருக்கும். உள்ளே இருக்கும் பழைய ஒயரை முழுக்கக் கழற்றிவிட்டு, புது ஹோல்டர் போட்டு, எல்இடி பல்பு போட்டு, உலோக உடம்புக்குக் கட்டாயம் எர்த் கொடுங்கள். ஏற்காட்டில் மழையும் பனியும் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், வெளிச்சுவரில் மாட்டுவதென்றால் ரப்பர் வாஷரையும் புதிதாக மாற்ற வேண்டும். கடையில் எலக்ட்ரீசியன் வைத்து மாற்றித் தருகிறார்கள், ஒரு விளக்குக்கு 350 வாங்குகிறார்கள், வேலை சுத்தம். மாட்டி இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது, தண்ணீர் இறங்கவில்லை.

மேஜை. இதற்குத்தான் நான் அதிகம் செலவழித்தேன், 28,000. பயணிகள் கப்பலின் தளத்துத் தேக்குப் பலகையை அறுத்துச் சேர்த்துச் செய்தது, பலகைக்கு நடுவில் கறுப்பாக இணைப்புப் பசை கோடு ஓடும், பழைய போல்ட் ஓட்டைகளை வட்டத் தேக்கு முளை வைத்து அடைத்திருப்பார்கள். அந்த முளைகளை மறைக்காமல் விட்டது எனக்குப் பிடித்தது. போர்க்கப்பல் தேக்கில் வீட்டுச் சாமான் செய்வது பழைய பழக்கம்தான். முதல் உலகப் போருக்கு அப்புறம் இங்கிலாந்தில் கப்பல் உடைக்கிற கம்பெனிகளே தோட்ட நாற்காலி, பெஞ்சு எல்லாம் செய்து எந்தக் கப்பலின் மரம் என்று சின்னப் பித்தளைத் தகடு அடித்து விற்றன. லண்டன் லிபர்ட்டி கடைக் கட்டடம் 1924-ல் கட்டியபோது இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்ற இரண்டு பழைய மரப் போர்க்கப்பல்களின் மரத்தை உபயோகித்தார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி கப்பலின் தளத்தை மாற்றியபோது கழற்றிய தேக்குத் துண்டுகளை அருங்காட்சியகமே விற்கிறது, அந்தப் பணம் கப்பலைப் பராமரிக்கப் போகிறது. போர்க்கப்பலின் ஒரு துண்டு வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறவர்கள் அந்த வழியில் வாங்குங்கள், அது நியாயமான வழி.

காப்பாற்றி வைப்பதும் லேசான காரியம் இல்லை. பீரங்கி வைத்த அந்தப் பெரிய பேட்டில்ஷிப் ரகக் கப்பல்கள் அமெரிக்காவில் எட்டு நிற்கின்றன, ஜப்பானில் அதற்கும் மூத்த மிகாசா ஒன்று. இரண்டு உலகப் போரிலும் அந்த ரகத்தில் அத்தனை கப்பல் ஓட்டிய பிரிட்டனில் ஒன்றுகூட இல்லை. வார்ஸ்பைட் என்று ஒரு கப்பல், 1916 ஜட்லண்ட் சண்டையிலிருந்து 1944 நார்மண்டி வரைக்கும் சுட்ட கப்பல். 1947-ல் உடைக்க இழுத்துக்கொண்டு போகும்போது புயலில் கயிறு அறுந்து கார்ன்வால் கரையில் பாறையில் ஏறிவிட்டது, அங்கேயே வருடக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். கடைசிக் கப்பலான வான்கார்டை 1960-ல் அனுப்பிவிட்டார்கள். லண்டன் போர் அருங்காட்சியக வாசலில் இரண்டு 15 அங்குல பீரங்கி மட்டும் மிச்சம். அமெரிக்காவில் நார்த் கரோலினா கப்பலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சில்லறைக் காசு சேர்த்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். டெக்சாஸ் 1914-ல் வேலைக்கு வந்த கப்பல், 1948-லிருந்து அருங்காட்சியகம், அடிப்பக்கம் அரித்துத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. மாநில அரசு 3 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்கி 2022 ஆகஸ்டில்தான் கால்வெஸ்டனுக்கு இழுத்துப் போய்ப் புது இரும்புத் தகடு போட்டார்கள். உப்புத் தண்ணீரில் நிற்கிற இரும்பை ஒவ்வொரு தலைமுறையும் ஒரு முறை திரும்பக் கட்டியே ஆக வேண்டும்.

மிகாசா கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1905-ல் சுஷிமாவில் ரஷ்யாவை ஜெயித்த கப்பல், 1926-லிருந்து யோகோசுகா கரையில் நினைவுச் சின்னம். இரண்டாம் போருக்கு அப்புறம் அதன் பீரங்கியையும் மேல்கட்டையும் கழற்றிவிட்டு மேலே நடன அரங்கும் மீன் காட்சிசாலையும் வைத்திருந்தார்கள். அப்புறம் ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்கத் தளபதி நிமிட்ஸே குரல் கொடுத்து, பணம் சேர்த்து, 1961-ல் பழையபடி ஆக்கினார்கள். அதே சமயம் சிலி நாட்டின் அல்மிரான்டே லட்டோரே என்ற பழைய போர்க்கப்பல் உடைப்பதற்காக ஜப்பானுக்கு வந்திருந்தது, அதன் சாமான்களைக் கழற்றி மிகாசாவுக்குப் பொருத்தினார்கள். உடைக்கிற இடத்திலிருந்து ஒரு கப்பலுக்கு மறுவாழ்வு வந்தது. நான் இந்தக் கடைக்குள் நடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

நம் நாட்டில் பழைய விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் கொஞ்ச காலம் அருங்காட்சியகமாக நின்று, 2014-ல் உடைக்கப் போய்விட்டது. அதன் இரும்பைக் கலந்து 2016-ல் ஒரு பைக் வந்தது, பஜாஜ் வி, சேலத்தில் ஐந்து ரோடு சிக்னலில் இன்னும் ஒன்றிரண்டு கண்ணில் படும். இன்னொரு விமானம் தாங்கிக் கப்பலான விராட் 2020-ல் அலங்குக்கே வந்தது. பிரிட்டனில் ஹெர்மிஸ் என்ற பெயரில் 1982 ஃபாக்லாந்து போரில் தலைமைக் கப்பலாக இருந்தது அது, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயும் காப்பாற்ற முடியவில்லை. கடைக்காரரிடம் விராட் சாமான் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். "வாங்கித் தர்றேன்னு ரெண்டு பேர் போன் பண்ணாங்க, பேப்பர் காட்டுன்னேன், அப்புறம் போனே வரலை" என்றார். சீட்டு எழுத முடியாத எதையும் அவர் எடுப்பதில்லை.

இனி குறைகள், இவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதற்கு அர்த்தம் இல்லை.

பின்பக்கம் நிற்கும் பழைய இரும்புக் கதவுகளில் சிலவற்றின் ஓரத்தில் வெள்ளையாக நார் மாதிரி பேக்கிங் கயிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய கப்பல்களில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம், நுரையீரலுக்கு ஆகாது. வாங்குகிறவர் அதை வீட்டில் சுரண்டிவிடக் கூடாது. இதைப் பற்றி எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. நான் சொன்னதும் அவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் போன முறை போனபோதும் கதவுகள் அப்படியேதான் நின்றன. இவ்வளவு நேர்மையான கடையில் இது மட்டும் ஏன் தள்ளிப்போகிறது என்று தெரியவில்லை, சிவப்புச் சீட்டு ஒன்று கட்டினால் போதும். அதேபோலப் பழைய மீட்டர், திசைகாட்டி எல்லாவற்றிலும் இருட்டில் ஒளிர்கிற முள் இருந்தால் அது ரேடியம் பெயிண்டாக இருக்கலாம், வயதாகி ஒளி மங்கிப்போனாலும் கதிர்வீச்சு போகாது. அந்த மாதிரிப் பொருளின் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், குழந்தைகள் அறையில் வைக்காதீர்கள்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து ரேக்கில் டைட்டானிக் 1912 என்றும் ராயல் நேவி 1941 என்றும் பொறித்த புது திசைகாட்டிகள், சாவிக்கொத்துகள் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் சீட்டு இருக்கிறது, விலையும் குறைவு, பிள்ளைகள் ஆசையாக வாங்குகிறார்கள், எல்லாம் சரி. இருந்தாலும் 1941 என்று பொறித்த அந்த ஒன்றைப் பார்க்கும்போது குவாந்தான் கடல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. போர்க்கப்பல் பெயரைச் சொல்லி விற்க மாட்டேன் என்று சொல்கிற மனிதர் இதையும் எடுத்துவிட வேண்டும், நான் நேரிலும் சொல்லிவிட்டேன்.

டெலிவரியும் சுமார்தான். கடைக்கென்று சொந்த வண்டி கிடையாது, வாடகை லோடு வண்டி பிடித்து அனுப்புகிறார்கள். என் மேஜையைத் துணி சுற்றாமல் ஏற்றி ஒரு மூலை உடைந்து வந்தது. போன் செய்ததும் மறுநாளே தச்சரை அனுப்பி அதே கப்பல் தேக்கில் துண்டு வைத்துச் சரிசெய்து கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. மலைமேல் கொண்டுபோகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவையும் நினைத்துக்கொண்டு, கண்ணாடி சாமானை உங்கள் வண்டியிலேயே மடியில் வைத்துக் கொண்டுபோய்விடுங்கள். வெயில் காலத்தில் கொட்டகைக்குள் மதியம் நிற்க முடியாது, காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போகிற கூட்டம் பாதி இங்கேயும் இறங்கிப் போட்டோ எடுக்கும், அன்றைக்கு அவர்களால் நின்று பேச முடியாது. பில் ஜிஎஸ்டியோடு தருகிறார்கள், வெள்ளைச் சீட்டைப் பில்லோடு சேர்த்துப் பின் அடித்துத் தரச் சொல்லுங்கள், நாளைக்கு விற்கும்போது உதவும்.

இப்போது ஒரு எஞ்சின் டெலிகிராஃப் வந்திருக்கிறது, கப்பலை ஓட்டுகிற அறையிலிருந்து எஞ்சின் அறைக்கு முன்னே, பின்னே, நிறுத்து என்று சொல்ல உதவும் அந்தப் பித்தளைக் கைப்பிடிக் கருவி. 65,000 சொல்கிறார்கள், வெள்ளைச் சீட்டு, பழைய இழுவைக் கப்பலுடையது. முகப்புத் தகட்டு எழுத்துகளில் ரேடியம் பெயிண்ட் இருக்கிறதா என்று கதிர்வீச்சு அளக்கிற கருவி வைத்துப் பார்க்க வேண்டும், இல்லை என்றால் நான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். இருந்தால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுத்தான் விற்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன், கடைக்காரர் சரி என்றிருக்கிறார்.